பாஸ்புக்கில் வராத நாட்கள்

"அதான் சொசைட்டி பாஸ்புக் இருக்கே, எல்லாம் அதுல ஏறிட்டுத்தானே இருக்கு, தனியா எதுக்கு ஒரு நோட்டு?" கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் இரண்டு மூன்று கறவை வைத்திருப்பவர்களிடம் பதிவேடு என்று பேச்செடுத்தால் முதலில் வருவது இந்தக் கேள்விதான். கேட்பதில் நியாயம் உண்டு. பால் ஊற்றும் கூட்டுறவு சொசைட்டி தரும் பாஸ்புக்கில் தேதி இருக்கிறது, காலை மாலை லிட்டர் இருக்கிறது, கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்), விலை எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் இந்தப் பதிலோடு என்னால் ஒத்துப்போகவே முடிந்ததில்லை. பாஸ்புக் என்பது கேனின் கணக்கு. அந்தக் கேனுக்குள் எந்த மாட்டுப் பால் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. தின்னும் தீவனத்துக்குக்கூடக் கறக்காத ஒரு மாட்டை, பக்கத்தில் நிற்கும் நல்ல கறவை மாதக்கணக்கில் மறைத்துவிடும். அதைவிடப் பெரிய குறை, பால் இல்லாத நாட்களைப் பற்றிப் பாஸ்புக் வாயே திறக்காது. மாட்டுக்காரர் பணம் கரைவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். மலையில் இது இன்னும் கூடுதல். அடர்தீவன மூட்டையும் வைக்கோலும் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறும்போதே லாரி வாடகையும் இறக்குகூலியும் சேர்ந்துவிடுகின்றன. சும்மா நிற்கும் மாடு சமவெளியில் தின்பதைவிட இங்கே விலை கூடிய தீவனத்தைத் தின்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கறுப்பி என்று ஒரு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு, உச்சத்தில் நாளுக்கு 14 லிட்டர். செவலை என்று ஒரு ஜெர்சி கலப்பு, உச்சம் 12 லிட்டர். எது நல்ல மாடு என்று கேட்டால் எல்லோரும் கறுப்பியைத்தான் காட்டுவார்கள். கேன் தூக்கிப் போகும் வழியில் பேசப்படுவதும் அந்த 14 லிட்டர்தான். உச்சக் கறவையை 200ஆல் பெருக்கினால் 305 நாள் ஈத்துக்கான, அதாவது ஒரு கன்று போட்டபின் கறக்கும் காலத்துக்கான, பால் தோராயமாக வந்துவிடும். கறுப்பிக்கு 2,800 லிட்டர், செவலைக்கு 2,400. இப்போது கன்று போட்ட தேதிகளைப் பார்க்க வேண்டும். செவலை 390 நாளுக்கு ஒரு கன்று போடுகிறது. கறுப்பி சினை பிடிக்காமல் இழுத்தடித்து 540 நாள் எடுத்துக்கொள்கிறது. இழுத்த நாட்களில் கூடுதலாக 60 நாள், நாளுக்கு 4 லிட்டர் கறந்தது என்று தாராளமாகவே வைப்போம். மொத்தம் 3,040 லிட்டர். அதை 540ஆல் வகுத்தால் நாளுக்கு 5.63 லிட்டர். செவலையின் 2,400ஐ 390ஆல் வகுத்தால் 6.15. பால் கொடுக்காமல் நின்ற நாட்கள் கறுப்பிக்கு 175, செவலைக்கு 85. இடையில் உள்ள 90 நாளுக்கு, தினம் 2 கிலோ என்றாலும் 180 கிலோ அடர்தீவனம். மூன்றரை மூட்டைக்கு மேல். புல் அறுத்த கூலியும், குறைந்துபோன கன்றுகளும் இதில் சேரவில்லை.

இந்தக் கணக்குக்கு மொத்தமே மூன்று விவரம்தான் தேவைப்பட்டது: முந்தைய கன்று போட்ட தேதி, இந்தக் கன்று போட்ட தேதி, உச்சக் கறவை. மூன்றும் பாஸ்புக்கில் கிடையாது.

காலண்டரில் மூன்று வரி கீழே

பதிவேடு என்றதும் பல பேர் பத்துப் பன்னிரண்டு கட்டம் போட்ட பெரிய நோட்டை வாங்கி, ஒரு வாரம் எழுதி, அப்புறம் பரணில் போட்டுவிடுகிறார்கள். என் கருத்தில், ஒன்றே ஒன்றுதான் எழுத முடியும் என்றால் அது மாடு பருவத்துக்கு, அதாவது சினைக்குத் தயாராக, வந்த நாள். சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டாலும் போடாவிட்டாலும் எழுத வேண்டும். கன்று போட்டு 35, 40 நாளில் வரும் முதல் பருவத்துக்கு யாரும் ஊசி போடுவதில்லை, அதனால் எழுதுவதும் இல்லை. ஆனால் அடுத்தது எப்போது என்று சொல்லக்கூடியது அந்தத் தேதிதான்.

சுழற்சி சராசரியாக 21 நாள், 18 முதல் 24 வரை போகும். மாதக் காலண்டரில் இதற்குக் கணக்கே போட வேண்டாம். செவ்வாய்க்கிழமை பருவம் என்றால், அதே செவ்வாய் வரிசையில் மூன்று கட்டம் கீழே இறங்கி ஒரு வட்டம். அந்த நாளுக்கு மூன்று நாள் முன்னும் மூன்று நாள் பின்னும் மாட்டைக் கூர்ந்து பார்த்தால் போதும், வருஷம் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. உதகை, குந்தா மாதிரியான குளிர் இடங்களில் மாட்டை நாள் முழுக்கக் கட்டியே வைத்திருப்பதால், ஒன்றன்மேல் ஒன்று தாவுவதைப் பார்க்க வாய்ப்பில்லை. கத்தாமலே பருவம் கடந்துபோகும் மாடுகளும் உண்டு. கண்ணாடி மாதிரித் தெளிந்த கோழை வால் அடியில் ஒட்டியிருப்பது, பாலில் திடீரென்று அரை லிட்டர் குறைவது, தீவனத்தை மிச்சம் வைப்பது, இப்படிச் சின்ன அடையாளங்கள்தான் கிடைக்கும். எந்த வாரத்தில் தேட வேண்டும் என்று தெரிந்தால்தான் அவை கண்ணில் படும்.

சினைக்காலமும் வாரக் கணக்கில் சரியாக விழுகிறது. 280 நாள் என்பது 40 வாரம். செவ்வாயன்று ஊசி என்றால் கன்று எதிர்பார்க்கும் நாளும் ஒரு செவ்வாய். ஜனவரி 1 அன்று ஊசி போட்டு நின்றால் அக்டோபர் 8. அதிலிருந்து 60 நாள் பின்னால் வந்தால் ஆகஸ்ட் 9, அன்று கறவையை நிறுத்த வேண்டும். சினை பிடித்ததா என்று டாக்டர் கைவிட்டுப் பார்க்க வேண்டியது மார்ச் மாதம். ஊசி போட்ட அன்றே இந்த மூன்று தேதியையும் எழுதிவிட்டால் அந்த மாட்டின் அடுத்த ஒன்பது மாதம் கைக்குள் வந்துவிட்டது. அக்டோபர் 8 என்பது குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை தொடங்கும் நேரம். ரோட்டில் மண் சரிந்தால் டாக்டர் வண்டி வராது. அது தெரிந்தே வைத்துக்கொள்வது வேறு, விடியற்காலை நாலு மணிக்கு மாடு படுத்து எழும்போது தெரிந்துகொள்வது வேறு.

இடைவெளி சொல்வது

இந்தத் தேதிகளைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு தேதிக்கும் அடுத்த தேதிக்கும் நடுவே உள்ள நாட்களை ஓரத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்ததும் நோட்டு பேச ஆரம்பிக்கிறது. எழுதி வைத்தும் பயனில்லை என்று சொல்பவர்களில் பலர் இந்தக் கழித்தலைச் செய்யாதவர்கள்.

ஊசி போட்டு 18 முதல் 24 நாளில் திரும்பப் பருவத்துக்கு வந்தால், சுழற்சி ஒழுங்காக இருக்கிறது, அந்த முறை பிடிக்கவில்லை, அவ்வளவுதான். 36 முதல் 48 நாளில் வந்தால் நடுவில் ஒரு பருவத்தை நாம் பார்க்காமல் விட்டிருக்கிறோம். அதாவது கோளாறு பெரும்பாலும் மாட்டில் இல்லை, பார்ப்பதில் இருக்கிறது. கரு பிடித்துக் கலைந்திருக்கவும் கூடும். 25 முதல் 35 வரை ஒழுங்கில்லாமல் வந்துகொண்டே இருந்தால் கரு ஆரம்பத்திலேயே அழிகிறதா, கருப்பையில் தொற்று இருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். எட்டு, பத்து நாளில் திரும்ப வந்தால் அந்த இரண்டு பருவத்தில் ஏதோ ஒன்று உண்மையானது இல்லை, அல்லது சினைப்பையில் நீர்க்கட்டி. "மூணு ஊசி போட்டாச்சு, நிக்கல" என்று போனில் சொன்னால் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. மூன்று தேதியைச் சொன்னால் வண்டி ஏறும் முன்பே எந்த மருந்தை எடுத்து வைப்பது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

தேதியோடு நேரத்தையும் எழுதுவது பலரும் செய்யாதது. காலையில் பருவம் கண்டால் அன்று மாலை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை, இது எல்லோருக்கும் தெரியும். நடப்பது என்ன? காலை ஆறு மணிக்குக் கறக்கும்போது கண்டு, போன் போட்டு, ஊசி போடுபவர் மூன்று ஹட்டி (படுகர் ஊர்) சுற்றி வந்து சேரும்போது மறுநாள் மத்தியானம் ஆகிவிடுகிறது. முப்பது மணி நேரம். கருமுட்டையின் ஆயுள் சில மணி நேரம்தான், அதற்குள் முடிந்திருக்கும். ஒரு முறை இப்படி ஆனால் தெரியாது. கண்ட நேரம், ஊசி போட்ட நேரம் இரண்டும் ஒரே வரியில் இருந்து, நான்கு வரியிலும் அதே முப்பது மணி நேரம் தெரிந்தால், மாட்டை மலடு என்று தரகரிடம் தள்ளிவிடும் முன் யோசிக்கத் தோன்றும். நல்ல கிடேரிகள் இந்தக் காரணத்தால் அடிமாட்டு விலைக்குப் போயிருப்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

பருவம் முடிந்து இரண்டு நாளில் வாலில் கொஞ்சம் ரத்தம் படுவதைப் பார்த்து, "ஊசி வீணாப்போச்சு" என்று முடிவுகட்டுகிறார்கள். அந்த ரத்தத்துக்கும் சினை பிடிப்பதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அது ஒரு நல்ல தேதி. பருவத்தைப் பார்க்கவே இல்லை, ரத்தத்தை மட்டும் பார்த்தோம் என்றால், அதிலிருந்து 18, 19 நாளில் அடுத்த பருவத்தை எதிர்பார்க்கலாம். சினையாக இருக்கும் மாடே சில சமயம் பருவம் மாதிரிக் கத்தும். முந்தைய ஊசித் தேதி நோட்டில் இருந்தால், சோதிக்காமல் மறுபடி ஊசி போட்டு உள்ளே இருப்பதைக் கலைத்துவிடும் விபத்து நடக்காது.

ஊசி போட்டு முடிந்ததும் அந்தக் காலி உறைவிந்துக் குச்சியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் குழாய், உள்ளே கால் மில்லி பிடிக்கும். அதன்மேல் பொடி எழுத்தில் காளை எண், இனம், தயாரித்த நிலையத்தின் குறி, உறைய வைத்த தேதி எல்லாம் அச்சாகியிருக்கும். துடைத்து, அந்த மாட்டின் பக்கத்தில் செல்லோடேப்பால் ஒட்டிவிட்டால் எழுதும் வேலையே இல்லை, எழுத்துப் பிழையும் வராது. இரண்டு வருஷம் கழித்து அந்தக் கன்று கிடேரியாகி முதல் ஊசிக்கு நிற்கும்போது, கொண்டுவந்த குச்சியின் எண்ணையும் ஒட்டி வைத்த எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் தகப்பன் காளையின் விந்தே மகளுக்குப் போவதைத் தடுக்கலாம். ஒரே வட்டாரத்துக்குச் சில காளைகளின் குச்சிகள்தான் வந்துகொண்டிருக்கும் என்பதால் இது நடக்காத விஷயமில்லை.

கிடேரிக்கு வயதைவிட எடைதான் முக்கியம், 250 கிலோவாவது வேண்டும். தராசு தேவையில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுத்து, சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுக்க வேண்டும். சுற்றளவு 60, நீளம் 48 என்றால் 262 கிலோ. தையற்கடை டேப் போதும்.

மாட்டுக்கு மாடு பால்

தினமும் ஒவ்வொரு மாட்டுப் பாலையும் எழுதச் சொல்வது நடக்காத காரியம். மாதம் இரண்டு நாள், 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும், இரு வேளையும் எடை போட்டால் போதும். அளவுப் படியில் நுரை ஏமாற்றும், தொங்கு தராசு ஏமாற்றாது. வெறும் வாளியின் எடையைக் கழித்துக்கொண்டு, காலை 6.2 கிலோ, மாலை 4.1 கிலோ என்றால் 10.3 கிலோ. 1.03ஆல் வகுத்தால் 10 லிட்டர். பதினைந்து நாளுக்கு 150 லிட்டர். கன்று ஊட்டிய காம்பைக் கணக்கில் விட்டுவிடக் கூடாது, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஊட்டவிட வேண்டும். கடைசியாகக் கறக்கும் பாலில்தான் கொழுப்பு அதிகம். கன்றுக்கு அதை விட்டுவிட்டுக் கொழுப்பு குறைகிறது என்று சொசைட்டியோடு சண்டை போடுவதில் பொருளில்லை.

இந்த எண் எதற்கு என்றால், தீவனத்துக்கு. உடம்பைக் காக்க 2 கிலோ, அதன்மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் 1 கிலோ அடர்தீவனம். 10 லிட்டர் கறக்கும்போது 6 கிலோ, 5 லிட்டருக்கு இறங்கியபின் 4 கிலோ. இறங்கியது தெரியாததால் ஆறு கிலோவே மாதக்கணக்கில் போய்க்கொண்டிருக்கும். 10 லிட்டர் மாடு ஒன்றும் 5 லிட்டர் மாடு ஒன்றும் நிற்கும் கொட்டகையில் 50 கிலோ மூட்டை ஐந்து நாள் வர வேண்டும். மூட்டையைப் பிரித்த தேதியைச் சாக்கின்மேலேயே மார்க்கரால் எழுதி, தீர்ந்த சாக்குகளை வரிசையாக மடித்து வைத்தால் அதுவே தீவனப் பதிவேடு. நான்கு நாளில் தீர்கிறது என்றால் தினம் இரண்டரை கிலோ எங்கோ கூடுதலாகப் போகிறது. கேரட்டும் முட்டைக்கோஸ் இலையும் மலிவாகக் கிடைக்கும் நாட்களில் என்ன போட்டோம் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளலாம். கோஸ் இலை அதிகமாகி வயிறு உப்பிய நாளைப் பிறகு தேட வேண்டிவரும்.

மருந்து, காய்ச்சல், சிவந்த சிறுநீர்

மடிநோய்க்கு ஊசி போட்ட நாளில் நான்கு விஷயம்: எந்தக் காம்பு, என்ன மருந்து, கடைசி டோஸ் போட்ட தேதி, நேரம். புட்டியின் லேபிளில் எத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது என்று போட்டிருக்கும், அந்தக் கெடு முடியும் நாளையும் சேர்த்து. இதை நோட்டில் எழுதினால் மட்டும் போதாது, கறக்கிறவர் கண்ணில் பட வேண்டும். மாட்டின் பின்னங்காலில் சிவப்புத் துணி கட்டி, கொட்டகைச் சிலேட்டில் "வெள்ளி மாலை வரை கேனில் ஊற்றாதே" என்று எழுதுவதுதான் வேலைக்காகும். ஒரு மாட்டின் மருந்துப் பால் பொதுக்கேனில் கலந்தால் ஊர்ப் பாலே கெட்டது. வீட்டில் உறை ஊற்றிய பால் தயிராகாமல் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சிலேட்டைத்தான். அதே காம்பு மூன்றாம் முறை நோட்டில் வந்தால், அந்த மாட்டைக் கடைசியாகக் கறக்கப் பழக்கிக்கொள்ள வேண்டும். கறவை நிறுத்தும்போது காம்புக்குள் ஏற்றும் மருந்து பல வாரம் நிற்கக்கூடியது. சினைத் தேதி தப்பாக இருந்து கன்று முன்கூட்டியே வந்துவிட்டால், அந்த மருந்து சீம்பால் முடிந்த பிறகும் பாலில் இருக்கும்.

மலையில் ஜெர்சி ரத்தம் அதிகம். கன்று போட்ட மூன்று நாளுக்குள் கால்சியம் இறங்கி மாடு படுத்துவிடும் பால்காய்ச்சல் ஜெர்சிக்குக் கூடுதலாக வரும், அதுவும் மூன்றாம் ஈத்துக்குமேல். போன ஈத்தில் வந்ததா என்று ஒரு வரி இருந்தால், எதிர்பார்க்கும் நாளுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவைக்கலாம். "போன தடவை வந்ததே" என்று பயந்து கறவை நிறுத்திய வற்றுக்காலம் முழுக்கக் கால்சியம் டானிக் ஊற்றுவது இன்னும் மோசம். எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் பழக்கமே உடம்புக்கு விட்டுப்போய், கன்று போட்டதும் படுத்துவிடும். அதனால் எந்த டானிக் எந்தத் தேதியில் என்பதும் எழுதத் தக்கதுதான்.

இன்னொன்று மலைக்கே உரியது. புல் குறைந்த மாதங்களில், உறைபனியில் கிக்குயு புல் கருகிய பிறகு, மாடுகள் சரிவுகளில் பெரணியை மேய்கின்றன. ஒரு வகைப் பெரணி நீண்ட நாள் உள்ளே போனால் சிறுநீர்ப்பையில் கட்டி உண்டாகி ரத்தச் சிறுநீர் போகும். சிவப்பாகப் பார்த்ததும் உண்ணிக்காய்ச்சல் என்று ஊசி போடுவது வழக்கம். உண்ணிக்காய்ச்சல் என்றால் உடம்பு சுடும், காபி நிறத்தில் ஒரே சீராகப் போகும். பெரணியால் வருவதில் காய்ச்சல் இருக்காது, சில வாரம் நின்று மறுபடி வரும், கட்டியாகவும் விழும். ஒரு புட்டியில் பிடித்து வைத்தால் ரத்தம் அடியில் படியும், உண்ணிக்காய்ச்சலில் படியாது. அன்றைய உடல் சூடு (சாதாரணமாக 101.5 டிகிரி), தேதி, எந்தக் காட்டில் மேய்ந்தது, இந்த மூன்றும் இல்லாமல் இரண்டையும் பிரிப்பது சிரமம். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மருந்தடித்த நாட்களும் அதே காலண்டரில் ஏறினால் நல்லது.

நோட்டு எங்கே, யார் எழுதுவது

கொட்டகையில் நோட்டை வைக்கக் கூடாது. மூடுபனி ஈரத்தில் பேனா மை ஊறிப் படர்ந்துவிடும், மாடே மென்றுவிடுவதும் உண்டு. கொட்டகையில் சிலேட்டு, சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர், அலமாரியில் மாட்டுக்கு ஒரு பக்கம் என்று நோட்டு. பென்சில் எழுத்து ஈரத்தில் அழியாது. சிலேட்டிலிருந்து நோட்டுக்கு ஏற்றுவதைப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் விட்டால் தாத்தா பாட்டியைவிட ஒழுங்காகச் செய்யும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 12 இலக்கக் காது டேக் எண், பிறந்த தேதி. டேக் அறுந்துபோனால், அல்லது சிறுத்தை அடித்துவிட்டால், இன்சூரன்ஸுக்கும் வனத்துறைக்கும் முதலில் அந்த எண்ணைத்தான் தேட வேண்டும். பிறந்த தேதி தெரியாமல் பெண் கன்றுக்குக் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி போடும் 4 முதல் 8 மாதக் காலத்தைத் தவறவிடுகிறவர்கள் நிறைய.

"மூணு மாடு, மூணும் எனக்கு மனப்பாடம்" என்பவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். எருமை வளர்க்கும் நீலகிரிப் பழங்குடியினரான தோதவர்கள் ஒவ்வொரு எருமையையும் பெயர் சொல்லி அழைத்துத்தான் காலம்காலமாக மந்தையை வைத்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்த மனப்பாடம் மாட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் மட்டும்தான் இருக்கிறது. அவர் பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால், எந்த மாடு எப்போது பருவம், எதற்கு மருந்து ஓடுகிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பத்து நாளில் ஒரு பருவம் தவறினால் 21 நாள் போனது.

விற்கும்போது நோட்டுக்கு ஒரு விலை உண்டு. சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துத் தரகர் பேசுவது பல்லையும் மடியையும் பார்த்துத்தான். மூன்றாம் ஈத்து, இன்ன தேதியில் ஊசி, டாக்டர் பார்த்துச் சினை உறுதி, போன ஈத்தில் மாதம் இரண்டு முறை எடை போட்ட பால் என்று பக்கத்தைக் காட்டினால் வீட்டுக்கு வந்து வாங்கும் ஆள் வேறு விலை பேசுவார். பக்கத்தைக் கிழித்துக் கொடுத்துவிடக் கூடாது, போனில் படம் எடுத்துக் கொடுத்தால் போதும். அந்த மாட்டின் கிடேரிகள் இன்னும் நம் கொட்டகையில்தான் நிற்கின்றன, அவற்றின் தகப்பன் காளை எண் ஒட்டியிருப்பது அந்தப் பக்கத்தில்தான்.